இருக்கலாம்

வில்லாபுரத்தில் ரீடிங் எடுக்கப் போகும் தெருக்களுக்கு
என்னிடம் இன்னொரு வரைபடம் உண்டு.
எந்த வீட்டில் கழிப்பறை கேட்கலாம்,
எந்த வீட்டில் நாய்,
எந்த வீட்டில் கேட்டால் மாமியாரிடம் போய்ச் சொல்வார்கள்.
மின்வாரியத்துக்கு அது தெரியாது.

மூன்று வருஷம்.
அல்சர் என்றார் ஒருவர்.
மனசு என்றார் இன்னொருவர்,
மனசுக்கும் சாப்பாட்டுக்கு முன் ஒன்று எழுதினார்.
அண்ணா நகர் டாக்டரம்மாதான்
கோதுமையாக இருக்கலாம் என்றார்.
இருக்கலாம்.
இரண்டு மாசம் நிறுத்திப் பாருங்கள்.

இரண்டு மாசம் எனக்குப் பழகிய அளவு.
எந்த வீட்டில் எவ்வளவு எரிந்தது என்று
இரண்டு மாசத்துக்கு ஒருதரம்தானே பார்க்கிறோம்.

சோறு தின்கிற ஊரில் இதென்ன பெரிய விரதம்
என்றுதான் நினைத்தேன்,
சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் இறங்கும்வரை.
முக்குக்கு முக்கு ஒரு கல்.
கல்லுக்கு முன்னால் ஒருத்தர்
மைதாவை வேட்டி உதறுவதுபோல் வீசுகிறார்.
வெந்ததை அடுக்கி
இரண்டு உள்ளங்கையாலும் அடிக்கிற சத்தம்
என் வயிற்றில் கேட்கிறது.

சவரிமுத்து வெளியே தின்றுவிட்டு வருகிறார்.
வாசல் குழாயில் வாய் கொப்பளித்த பிறகே உள்ளே.
இந்த வயசில் முத்தமா கொடுக்கப்போகிறார்?
இருந்தாலும் கொப்பளிக்கிறார்.

சாம்பார் வைத்த நாளெல்லாம் வயிறு கல்லானது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தேன்.
எறும்பு எழுத்தில் இருந்தது: கோதுமை மாவு.
இருபது வருஷமாக நான்
வாசனையை மட்டும் நம்பியிருக்கிறேன்.

மாவு மில்லில் சொர்ணலிங்கத்திடம் கேட்டேன்,
"கடைசியா என்னண்ணே அரைச்சீங்க?"
"கோதுமைதான். ஏன்?"
இப்போதெல்லாம் பச்சரிசித் தூக்கோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.
யாராவது ஒருத்தி அரிசியோடு வருவாள்.
தெரியாமலே
தன் அரிசியால் எனக்கு அந்தக் கல்லைக் கழுவித் தருவாள்.
அவள் மாவில் கொஞ்சம் கோதுமை போகும்.
அதையும் நான் சொல்வதில்லை.

ஒரு வீட்டில் டீயும் நாலு பிஸ்கட்டும் வந்தது.
வேண்டாங்க, என்றேன்.
தட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது.
"எங்க வீட்ல கை நனைக்க மாட்டீகளோ?"
இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு
என் வயிற்றைவிட வயசு ரொம்ப அதிகம்.
அதற்கு முன்னால் டாக்டர் சீட்டை எப்படி நீட்டுவது?
தின்றேன்.
நாலையும்.
இரண்டு நாள் லீவு போட்டேன்.

பூசையில் வரிசைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.
வெள்ளையாய், நகத்தளவு கனத்தில்,
அதுவும் கோதுமைதான்.
அமலோற்பவம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.
என்ன பாவமோ, எவனோடோ என்று
அவள் கணக்கு ஓடியது.
ஓடட்டும்.
பாவமென்றால் சொல்லி முடித்துவிடலாம்,
இதைச் சொல்ல ஆரம்பித்தால் டாக்டர்கள் பேரெல்லாம் வரும்.

மறுபடி அண்ணா நகர்.
இப்போது எவ்வளவோ தேவலை, என்றேன்.
நல்லது, ஆனால் அதுதானா என்று
ரத்தத்தில் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால்
ஆறு வாரம் திரும்பச் சாப்பிட வேண்டும், என்றார்.
தினமும்.
சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்,
ஆனால் எழுதிக்கொண்டே.

பூட்டின வீட்டு மீட்டருக்கு
டோர் லாக் என்று குறிப்போம்.
போன தடவை அளவே இந்தத் தடவைக்கும்.
சில வீட்டில் பூட்டுக்கு உள்ளே
ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கும்.
கேட்டாலும் எழுதுவது அதுதான்.

சீட்டு ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது, உப்பு டப்பாவுக்கு அடியில்.
இன்னும் முடிவு பண்ணவில்லை.

இன்றைக்கு மூணாவது குறுக்குத் தெருவில்
ஜெபமணி டீச்சர் வீட்டு ரீடிங்கை முடித்து
நாலு வீடு தள்ளிப் போய்விட்டேன்.
டீச்சர் கேட்டுக்கு வெளியே வந்து கூப்பிட்டார்,
"என்னம்மா,
பாத்ரூம்ல லைட் போட்டு வச்சிருக்கேன்.
வரலையா?"